உப்புத் தண்ணிக்கு உப்பே போடுற மெஷின்: வாட்டர் சாஃப்ட்னரோட ஒன்றரை வருஷம்

வீட்டு மெயின் லைன்ல வாட்டர் சாஃப்ட்னர், அதாவது சோப்பு நுரைக்காத கடினத் தண்ணியை மென்மையாக்குற மெஷின், மாட்டி ஒன்றரை வருஷம் முடிஞ்சுது. மாட்டுன புதுசுலயே எழுதலாம்னு இருந்தேன், ஆனா அப்ப எழுதியிருந்தா வெறும் பாராட்டா மட்டும்தான் இருந்திருக்கும், ஏன்னா முதல் வாரம் சோப்பு நுரை பொங்குறதைப் பாத்தே வீட்ல எல்லாரும் அசந்து போயிட்டோம். அதுக்கப்புறம் வந்த தொல்லை, உப்புச் செலவு, நாங்க பண்ண தப்பு எல்லாத்தையும் சேத்துச் சொன்னாதான் இன்னொருத்தருக்கு உபயோகமா இருக்கும். கம்பெனி பேரு சொல்லல, உள்ள இருக்குற சங்கதி எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ரெசின்ங்கற சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணி நிரப்புன ஒரு டேங்க், அதோட தலைல ஒரு ஆட்டோமேட்டிக் வால்வு, பக்கத்துல உப்பு கொட்டுற தொட்டி. எங்களோடது 25 லிட்டர் ரெசின், எவ்வளவு தண்ணி ஓடியிருக்குனு மீட்டர் வச்சு எண்ணுற டைப்.

நாங்க இருக்குறது சின்ன டவுன். குழாய்ல வர்ற தண்ணி சில மாசம் முழுக்க போர் தண்ணி, சில மாசம் ஆத்துத் தண்ணி கலந்து வரும். ரெண்டுமே பாக்க பளிங்கு மாதிரிதான் இருக்கும், கலங்கலோ நாத்தமோ எதுவும் கிடையாது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா கெட்டில்ல பத்து நாள் தண்ணி காய்ச்சினா அடியில வெள்ளையா ஓடு கட்டிடும், ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருக்கும், துவைச்ச துண்டு காய்ஞ்சா மரப்பலகை மாதிரி வெறச்சு நிக்கும், பாத்ரூம் பக்கெட்டுல தேய்க்கத் தேய்க்கப் போகாத ஒரு வெள்ளைப் படலம். ஹீட்டர் போட்டா உள்ள கல்லு உருள்ற மாதிரி ஒரு சத்தம், அதை ஒரு நாள் பிளம்பர் அண்ணன் கழட்டிக் காட்டுனாரு, காயில் மேல விரல் தடிமனுக்கு சுண்ணாம்பு ஏறியிருந்துச்சு. தண்ணில கரைஞ்சிருக்குற கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுட்டு கால்சியம் கார்பனேட்டா, அதாவது சுண்ணாம்புக் கல்லா, பிரிஞ்சு சூடான இடத்துலயே ஒட்டிக்குது. ஒட்டுனதும் அது காயிலுக்குப் போத்துன கம்பளி மாதிரி ஆயிடும், சூடு தண்ணிக்குப் போகாம காயில்லயே தங்கி கடைசில காயில் எரிஞ்சு போகும். எங்களுக்கு ரெண்டு காயில் அப்படித்தான் போச்சு, அதுக்கப்புறம்தான் இந்த மெஷினைப் பத்தியே யோசிச்சோம்.

வாங்கப் போன இடத்துலயே ஒரு குழப்பம், அது நம்ம பேச்சுல இருந்தே வர்ற குழப்பம். உப்புத் தண்ணினு நாம ஒரே வார்த்தைல மூணு தனித்தனி விஷயத்தைச் சொல்லிடுறோம். நாக்குல வச்சா கரிக்குதே அது ஒண்ணு, அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, நம்ம சமையல் உப்பேதான். சோப்பு நுரைக்காம திரிஞ்சு போகுதே அது ரெண்டாவது, அதுக்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும், இதைத்தான் கடினத்தன்மைனு பாடப் புத்தகத்துல படிச்சோம். பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை டம்ளர்ல முக்குனா ஒரு நம்பர் வருதே, அது மூணாவது, தண்ணில கரைஞ்ச எல்லாத்தோட மொத்தக் கணக்கு, அதுவும் நேரா எடை போட்டு வர்ற கணக்கு இல்ல, தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுனு பாத்து போடுற ஒரு மதிப்பீடு. சாஃப்ட்னர் இதுல ரெண்டாவதை மட்டும்தான் சரி பண்ணும். இதை முதல்லயே யாராவது உக்கார வச்சு சொல்லியிருந்தா எங்க வீட்ல ஒரு மாசச் சண்டை மிச்சம் ஆயிருக்கும்.

ஏன்னா கடைல இருந்து வந்த ஆளு டிடிஎஸ் மீட்டரைத்தான் முக்கிக் காமிச்சாரு, 780. உங்க தண்ணில உப்பு 780 இருக்கு சார்னு சொன்னாரு, அப்பா மனசுல அது பதிஞ்சிடுச்சு. மெஷின் மாட்டி முடிச்சதும் அப்பா அதே மீட்டரை வாங்கி முக்குறாரு, 790 காட்டுது. எப்படி இருக்கும் அவருக்கு! ஏமாத்திட்டாங்கனு முடிவே கட்டிட்டாரு. ஆனா மெஷின் ஒழுங்காதான் வேலை செஞ்சுது. ஒரு கால்சியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல ரெண்டு சோடியத்தை விடுது, அவ்வளவுதான் அதோட வேலை, 40 கிராம் கால்சியம் போனா 46 கிராம் சோடியம் உள்ள வரும், அப்புறம் மொத்தம் எப்படிக் குறையும்? சாஃப்ட்னர் போட்டா டிடிஎஸ் குறையும்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட வாங்காதீங்க, ஒண்ணு அவங்களுக்கே தெரியல, இல்ல தெரிஞ்சே சொல்றாங்க.

கடினத்தன்மையை அளக்க தனி கிட் இருக்கு, சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ரெண்டு மூணு பாட்டிலும் ஒரு சின்ன ட்யூபும் இருக்கும். தண்ணியைக் கோடு வரைக்கும் ஊத்தி, முதல் பாட்டில்ல இருந்து பஃபர், அப்புறம் இண்டிகேட்டர் போட்டா ஒயின் கலர்ல செவக்கும், அதுக்கப்புறம் ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டா எண்ணிக்கிட்டே விடணும், நீலமா மாறுற சொட்டுல நிறுத்திடணும். எங்க கிட்ல ஒரு சொட்டுக்கு 20 மில்லிகிராம் கணக்கு, 21 சொட்டு போச்சு, அப்ப லிட்டருக்கு 420 மில்லிகிராம், அதாவது கால்சியம், மெக்னீசியம் எல்லாத்தையும் கால்சியம் கார்பனேட்டா மாத்திப் பாக்குற கணக்குல. லேப்ல பண்றதும் இதே முறைதான், அங்க ப்யூரெட்ங்கற அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய், இங்க சொட்டு. பொதுவா 60 வரைக்கும் மென்மையான தண்ணி, 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதுக்கு மேல ரொம்பக் கடினம்னு பிரிப்பாங்க, அப்ப எங்க 420 எங்க நிக்குதுனு பாத்துக்கோங்க. மெஷின் மாட்டின பிறகு அதே கிட்ல ஒரே சொட்டுல நீலமாயிடுச்சு. இதை அப்பா கையாலயே பண்ண வச்சேன், அதுக்கப்புறம்தான் நம்புனாரு. நாலு பேர் சொல்றதை விட அந்த ஒரு சொட்டு பேசுச்சு.

அப்பா கேட்ட இன்னொரு கேள்வியும் நியாயமான கேள்விதான், உப்புத் தண்ணியைச் சரி பண்ண எதுக்கு மூட்டை மூட்டையா உப்பு வாங்குறோம்? ரெசின்னா ஜவ்வரிசியை விடச் சின்னதா மஞ்சளா இருக்குற பிளாஸ்டிக் மணிங்க, அதோட உடம்பெல்லாம் சோடியம் ஒட்டியிருக்கும். கடினத் தண்ணி அது மேல போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் இறுக்கமா ஒட்டுற ஜாதி, அதனால சோடியத்தைத் தள்ளிட்டு உக்காந்துக்கும். ஒரு கட்டத்துல உக்கார இடமே இருக்காது, அப்ப கெட்டியான உப்புக் கரைசலை உள்ள விட்டா சோடியத்தோட கூட்டம் ரொம்ப ஜாஸ்தி ஆகி, உக்காந்திருந்த கால்சியத்தைக் கிளப்பி டிரெயின்ல தள்ளிவிட்டுரும். இதுக்குப் பேரு ரீஜெனரேஷன். நாம போடுற உப்பு மணியைக் கழுவத்தான், நேரா நம்ம தண்ணில கலக்குறதுக்கு இல்ல.

சரி, பலன் என்னனு கேட்டா, சோப்பும் ஷாம்பூவும் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு, இது எங்க வீட்டுக் கணக்கு. சாதாரண சோப்பு கால்சியத்தோட சேந்தா கரையாத ஒரு பிசுக்கு ஆயிடும், பக்கெட்டுல ஒட்டுனது, தலைமுடில பிசுபிசுனு நின்னது எல்லாம் அந்தப் பிசுக்குதான், இப்ப அது இல்ல. குளிச்ச முதல் நாள் சோப்பு போகவே இல்லையோனு தோணும், வழவழனு இருக்கும், எங்க அம்மா ரெண்டு பக்கெட் கூட ஊத்திக்கிட்டாங்க, ரெண்டு வாரத்துல பழகிடும். துணி மெத்துனு இருக்கு. கெட்டில்ல ஓடு கட்டல. ஹீட்டருக்குப் பழைய சுண்ணாம்பை முதல்ல சிட்ரிக் ஆசிட் போட்டுக் கரைச்சுட்டுத்தான் புதுக் காயில் போட்டோம், ஏன்னா ஏற்கனவே கல்லா இறுகி நிக்கிறதை சாஃப்ட்னர் உடனே கரைச்சுக் கொடுத்துராது, ஷவரை வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வச்சோம். (இந்த ஆசிட் எதையும் பிளீச்சிங்கோட மட்டும் கலந்துராதீங்க, குளோரின் வாயு வரும், மூடுன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.) ஒன்றரை வருஷம் கழிச்சு போன மாசம் ஹீட்டரைக் கழட்டிப் பாத்தோம், காயில் கிட்டத்தட்ட புதுசு மாதிரி இருந்துச்சு, எனக்கு அந்த ஒரு காட்சியே போதும்.

டைல்ஸ்ல தண்ணி காய்ஞ்சா வெள்ளைப் புள்ளி வருமானு கேக்குறாங்க, இப்பவும் வரும், கரைஞ்ச உப்பு உள்ளயேதான இருக்கு, ஆனா ஈரத் துணியால துடைச்சா போயிடும், முன்ன மாதிரி சுரண்ட வேண்டியதில்ல. முடி கொட்டுறது நிக்குமா, தோல் அரிப்பு போகுமானும் கேக்குறாங்க. முடி விஷயத்துல எங்க வீட்ல எந்த வித்தியாசமும் தெரியல, மென்மையா இருக்கு அவ்வளவுதான். எக்ஸிமாங்கற தோல் அரிப்பு நோய் இருக்குற குழந்தைங்களுக்காக இதை வாங்கணும்னு நினைச்சா கொஞ்சம் யோசிங்க, இங்கிலாந்துல 336 பிள்ளைங்களை வச்சு 12 வாரம் பாத்த ஒரு ஆய்வு 2011-ல வெளியாச்சு, சாஃப்ட்னர் வச்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு வைக்காத வீட்டை விட நோய் கூடுதலா ஒண்ணும் குறையலனுதான் வந்துச்சு. கஷ்டப்படுற பிள்ளையைக் காட்டி மெஷின் விக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வருது.

இப்ப தொல்லைக்கு வரேன். முதல் தொல்லை பிரஷர். இதை யாருமே வாங்குறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டாங்க. ஆட்டோமேட்டிக் வால்வு வேலை செய்ய ஒன்றரை ரெண்டு பார் பிரஷராவது கேக்கும், ஆனா மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணிக்கு பத்து மீட்டர் உயரம் இருந்தாதான் ஒரு பாரே வரும், எங்க வீட்ல டேங்குக்கும் மெஷினுக்கும் நாலு மீட்டர்தான் வித்தியாசம், அப்ப அரை பார் கூட இல்ல. மாட்டுனவங்க அதைப் பாக்கவே இல்ல. என்ன ஆகும்னா, தண்ணி ஓடும், டிஸ்ப்ளே எரியும், ரீஜெனரேஷன் நடக்குற மாதிரி சத்தம் எல்லாம் வரும், ஆனா உள்ள இருக்குற இன்ஜெக்டர் உப்புக் கரைசலை உறிஞ்சவே உறிஞ்சாது. மூணு வாரமா உப்பு டேங்க்ல உப்பு கொஞ்சம் கூட இறங்கல, நாங்க என்னடான்னா பரவால்லயே சிக்கனமா ஓடுதேனு நினைச்சுட்டு இருந்தோம், கெட்டில்ல மறுபடி வெள்ளை தட்டுனப்பதான் கிட்டை எடுத்துப் பாத்தேன், 20 சொட்டு. அப்புறம் ஒரு பிரஷர் பம்ப் தனியா வாங்கி மாட்டி, அதுக்கு ஒரு செலவு, அதுக்கு ஒரு கரண்ட் பாயிண்ட். உப்பு குறையாம இருக்குனா சந்தோஷப்படாதீங்க, அதுதான் முதல் அறிகுறி.

ரெண்டாவது செட்டிங். வால்வுல உங்க தண்ணியோட கடினத்தன்மையை நம்பரா போட்டு வைக்கணும், அதை வச்சுத்தான் எத்தனை லிட்டருக்கு ஒரு தடவை கழுவணும்னு அது முடிவு பண்ணும். எங்களுக்கு மாட்டுன பையன் குத்துமதிப்பா 250 போட்டுட்டுப் போயிட்டான். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு லிட்டர் ரெசின், மிதமா உப்பு போட்டா சுமார் 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும், 25 லிட்டருக்கு 1,125 கிராம். தண்ணி 420-னா லிட்டருக்கு 0.42 கிராம், அப்ப சுமார் 2,680 லிட்டர் வரைக்கும்தான் தாங்கும். 250 போட்டா மெஷின் 4,500 லிட்டர் தாங்கும்னு நினைச்சுக்கும். நாங்க ஒரு நாளைக்கு 600 லிட்டர் போல செலவு பண்றோம், நாலரை நாள்லயே மணி நிரம்பிடுது, ஆனா மெஷின் ஏழரை நாள் கழிச்சுத்தான் கழுவுது, நடுவுல மூணு நாள் கடினத் தண்ணி அப்படியே உள்ள வந்துட்டு இருந்துச்சு. வாரத்துல பாதி நாள் நுரைக்குது பாதி நாள் நுரைக்கலனு அம்மா சொன்னப்ப நான் நம்பல, கணக்கு போட்டுப் பாத்தப்பதான் அவங்க சொன்னது அட்சரம் பிசகாம சரினு தெரிஞ்சுது.

மூணாவது உப்பு. முதல் ரெண்டு மூட்டை சாதாரணக் கல்லுப்பு போட்டோம், தொட்டி அடில சேறு மாதிரி படிஞ்சு உறிஞ்சுற குழாயை அடைச்சிடுச்சு. அப்புறம் மாத்திரை மாதிரி அழுத்தி வர்ற சுத்தமான உப்புக்கு மாறிட்டோம். அதுலயும் ஒண்ணு, தொட்டியை வாய் வரைக்கும் ரொப்பி வச்சா மேல பாலம் கட்டி நின்னுக்கும், கீழ காலியா இருக்கும், பாக்குறதுக்கு ரொம்பி இருக்குற மாதிரியே தெரியும். ஒரு கட்டையால மெதுவா குத்திப் பாத்துக்கணும், பாதிக்கு மேல போடாம இருந்தா இந்தப் பிரச்சனை கம்மி.

செலவுனு பாத்தா ஒரு தடவை கழுவ எங்களுக்கு இரண்டரை கிலோ உப்பு போகுது, மாசத்துக்கு ஏழு தடவை, அப்ப 17, 18 கிலோ. ஒவ்வொரு தடவையும் 150 லிட்டர் தண்ணியும் டிரெயின்ல போகுது, நான் பக்கெட் வச்சு அளந்தேன். தண்ணி கம்மியா வர்ற மாசத்துல இது மனசை உறுத்துது. அந்த டிரெயின் தண்ணியைச் செடிக்கு விட்றாதீங்க, கொஞ்ச நாள்ல மண்ணே செத்துப் போகும். மென்மையாக்குன தண்ணி கூட செடிக்கு வேண்டாம், சோடியம் மண்ணை இறுக வச்சிடும். தோட்டத்துக் குழாயை மெஷினுக்கு முன்னாடியே பிரிச்சு விடச் சொல்லுங்க, பைப் போடும்போதே சொன்னா சுலபம், நாங்க பின்னாடி சுவரை ஒடைச்சு பண்ணோம்.

குடிக்கிறதுக்கு? ஒரு மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தா 0.46 மில்லிகிராம் சோடியம் சேரும், எங்க 420-க்கு அது லிட்டருக்கு 190 சில்லறை. இருநூறு கிட்டப் போனாலே பல பேருக்கு நாக்குல தெரியும், பிரஷர் இருக்குறவங்க, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவங்க இதைக் கணக்குல எடுத்தே ஆகணும், குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவும் வேண்டாம். நேர்மாறா கடினத் தண்ணி குடிச்சா கெடுதலானு பயப்படுறவங்க நிறைய, உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்குனு உடல்நல அடிப்படைல எந்த வரம்பும் வைக்கல, கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டியதுதான். அதனால நாங்க கிச்சன்ல ஒரு குழாயை மெஷின் தொடாத லைன்ல விட்டு, அதைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆர்ஓ வச்சிருக்குறவங்களுக்குக் கதை வேற, மென்மையாக்குன தண்ணியை அதுக்குக் கொடுத்தா அதோட வடிகட்டுற சவ்வுல (மெம்பிரேன்) சுண்ணாம்பு ஏறாது, சோடியத்தையும் பெரும்பாலும் அதே எடுத்துரும்.

ஆனா ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கணும், இந்த மெஷின் தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷினே இல்ல. கிருமியைக் கொல்லாது. ஃப்ளோரைடை எடுக்காது. நைட்ரேட்டையும் இந்த ரெசின் தொடவே தொடாது, காய்ச்சினாலும் அது போகாது, தண்ணி ஆவியாகி அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும். குழாய்த் தண்ணி பாதுகாப்பானு தெரியணும்னா அதுல மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கானு பாக்கணும், மாத்திரை போட்டா ரோஸ் கலராகுற சின்ன கிட் கிடைக்கும், மத்ததுக்கு லேப்ல கொடுத்துப் பாக்கணும். நாங்க மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி லேப் ரிப்போர்ட் எடுக்கல, அது தப்பு. ரிப்போர்ட்ல இரும்பு இருந்தா ரெசின் மணி மேல துரு படிஞ்சு சீக்கிரம் கெட்டுப் போகும், முன்னாடி இரும்பு ஃபில்டர் போடணும். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்ல அப்படித்தான் ஒரே வருஷத்துல ரெசின் மொத்தமும் மாத்த வேண்டியதாயிடுச்சு. எங்களுக்கு இரும்பு இல்லாம போனது எங்க அதிர்ஷ்டம்.

இதுக்கு முன்னாடி பைப் மேல கட்டுற காந்தம் ஒண்ணு ஆறு மாசம் வச்சிருந்தோம், கிட்ல ஒரு சொட்டு கூடக் குறையல, ஹீட்டர்லயும் சுண்ணாம்பு அதே மாதிரி ஏறுச்சு. வாஷிங் மெஷினுக்கு முன்னாடி மாட்டுற பாஸ்பேட் உருண்டை கொஞ்சம் பரவால்ல, கடினத்தன்மையை எடுக்காது ஆனா படிய விடாம பிடிச்சு வைக்கும், அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் போதும்னா அதுவே போதும்.

மொத்தத்துல ஐந்துக்கு நாலு கொடுப்பேன் மெஷினுக்கு, மாட்டிக் கொடுத்த சர்வீசுக்கு ரெண்டு. 300-க்கு மேல கடினத்தன்மை, ஹீட்டர் அடிக்கடி போகுது, பம்ப் வைக்க இடம் இருக்குனா வாங்கலாம். 150, 200-னா எனக்குத் தேவைனு தோணல, மூணு மாசத்துக்கு ஒருதரம் சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவுனாலே ஓடிடும்.

இப்ப மாசா மாசம் முதல் தேதி கிட் எடுத்து எண்ணி ஹீட்டர் பக்கத்துலயே எழுதி வைக்கிறேன். ஆத்துத் தண்ணி கலந்து வந்த மாசங்கள்ல 260 வரைக்கும் இறங்குச்சு, போன மாசம் 380, இந்த மாசம் முழுக்க போர் தண்ணி போல, 460. நம்பர் மாறும்போதெல்லாம் வால்வு செட்டிங்கை மாத்துறேன். எந்த மாசம் எந்தத் தண்ணி விடுறாங்கனு முன்கூட்டியே சொன்னா இந்த எண்ற வேலையே மிச்சம். ஊருக்கு மொத்தமா சுண்ணாம்புக் கரைசல் போட்டே கடினத்தன்மையைக் குறைக்கிற முறைக்கு தாமஸ் கிளார்க் 1841-லயே காப்புரிமை வாங்கிட்டாரு, சுண்ணாம்பைப் போட்டு சுண்ணாம்பையே படிய வைக்கிறது, இன்னைக்கும் பல ஊர் பிளாண்ட்ல அது நடக்குது. அது நடக்காத ஊர்ல வீட்டுக்கு வீடு உப்பு வாங்கி வீட்டுக்கு வீடு உப்புத் தண்ணியை மண்ணுல விடுறோம், அது திரும்ப எந்தப் போருக்குப் போய்ச் சேருமோங்கற பயம் எனக்கு நெஜமாவே இருக்கு. தெருவுல 14 வீட்ல கையெழுத்து வாங்கி தண்ணி ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்திருக்கோம், மாசா மாசம் கடினத்தன்மையும் மிச்சக் குளோரினும் எவ்வளவுனு போர்டுல எழுதிப் போடுங்கனு. வாங்கி சீல் குத்திக் கொடுத்தாங்க, அடுத்த மாசம் முதல் தேதி கிட்ல எண்ணி முடிச்ச கையோட போய் போர்டைப் பாத்துட்டு வரணும்.